ரூபினா அக்காவின் கலர் சேம்பு

பத்மாசினிக்குச் செடி வளர்க்கத் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் பூஜைக்கு வைத்திருந்த துளசியையே பட்டுப்போக விட்டவள். மறுபடி வாங்கி வைத்தார்கள், அதுவும் பட்டுப்போனது. அப்படிப்பட்டவளுடைய கையில்தான் பக்கத்து வீட்டு ரூபினா, ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன், முடுக்குக் கதவின் சாவியைக் கொடுத்தாள்.

கோரிப்பாளையத்தில் அவர்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஓடும் இடுக்குதான் அந்த முடுக்கு. ஒரு ஆள் தாராளமாக நடக்கலாம். எதிரே இன்னொருவர் வந்தால் இரண்டு பேரும் ஒருக்களித்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் அங்கே காலை வெயில் நன்றாக விழும். ரூபினா ரோஜாவும் மல்லிகையும் தொட்டிகளில் வைத்திருந்தாள். அப்போது பக்கத்து மனை காலியாகக் கிடந்தது. விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் பத்மாசினியின் கணவர் வெங்கடேஷ்பாபு, கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து வந்து, அந்த மனையை வாங்கி மூன்று மாடி எழுப்பினார். வீடு உயர உயர முடுக்கு இருண்டது. மல்லிகை கொடியாகவே நின்றது, பூக்கவில்லை. ரோஜா ஒவ்வொரு குச்சியாகக் காய்ந்தது.

புதுமனை புகுவிழாவுக்குப் பத்மாசினி இனிப்புத் தட்டோடு போய் அழைத்தபோது ரூபினா வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"வீடு கட்டுனீக, சந்தோஷம். எங்க வெயில எங்க கொண்டுபோய் வச்சிருக்கீக?"

பத்மாசினி தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. ரூபினாவின் கணவர் ஜமீல், சிக்னல் பக்கம் கடிகாரக் கடை வைத்திருப்பவர், தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிச் சிரிப்பார். அதோடு சரி.

ஒரு ஆடி மாதத்தில் ரூபினாவும் ஜமீலும் அழகர்கோவில் ரோட்டில் உறவினர் வீட்டுக்குப் போனவர்கள், வழியில் ஒரு நர்சரியைப் பார்த்தார்கள். பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே ஒரு பூகூட இல்லை. ஆனால் பந்தல் முழுக்க நிறம். இதய வடிவத்தில், யானைக் காது போலத் தொங்கும் இலைகள். சில வெள்ளையாக, அதில் பச்சை நரம்பு ஓடியபடி. சில நடுவில் இரத்தச் சிவப்பு, ஓரத்தில் மட்டும் பச்சை. சில பச்சையில் ரோஸ் தெளித்தது போல. கலர் சேம்பு என்றார்கள். வெயில் பட்டால் கருகிவிடும், நிழலில்தான் வைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நிழல் என்ற சொல்லைக் கேட்டதும் ரூபினா ஜமீலைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோ கொள்ளுமட்டும் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார்கள்.

பத்மாசினியின் சமையலறை ஜன்னல் முடுக்கைப் பார்த்துத்தான் திறக்கும். பாத்திரம் தேய்க்கும்போது அவள் கண்ணுக்குத் தெரிவது சுண்ணாம்பு உதிர்ந்த எதிர்ச்சுவர் மட்டும்தான். ஒருநாள் காலையில் ஜன்னலைத் திறந்தவள் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சுவரோரம் முழுக்க சிவப்பும் வெள்ளையும் ரோஸுமாக இலைகள் அசைந்துகொண்டிருந்தன. ரூபினா குனிந்து ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பேசக் கூடாது என்றுதான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"அக்கா, இது இலையா பூவா?"

ரூபினா நிமிர்ந்தாள். கோபமாக ஏதோ சொல்லப் போகிறாள் என்று பத்மாசினி பயந்தாள். ஆனால் கேட்டது செடியைப் பற்றி அல்லவா? கோபம் வரவில்லை.

"இலைதான். இந்தா பாரு, இதுல புள்ளி புள்ளியா எப்படி விழுந்திருக்கு."

"ஐயோ, எங்க கடைச் சுங்குடி மாதிரியே இருக்கே!"

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சுதான். அதன்பிறகு ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அவர்கள் பேசாத நாளில்லை. ரூபினா இலை துடைப்பாள், சாயங்காலமானால் நத்தை பொறுக்குவாள். பத்மாசினி உள்ளே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பாள். வெள்ளை இலைச் செடிதான் ரூபினாவுக்கு உயிர். இருட்டு முடுக்கில் விளக்கேற்றி வைத்தாற்போல் நிற்கிறது என்பாள்.

அந்தத் தை மாதம் ரூபினாவுக்கும் ஜமீலுக்கும் ஹஜ் பயணம் கூடி வந்தது. பல வருஷத்து ஆசை. சாவியைக் கொடுக்கும்போது ரூபினா சொன்னாள்.

"காலையில தண்ணி ஊத்து. இலை மேல ஊத்தாத, அடியில ஊத்து. நத்தை வந்தா எடுத்துத் தூரப் போடு. காம்ப ஒடிச்சா பால் கையில படும், அரிக்கும், பாத்துக்க. பேசிக்கிட்டே ஊத்து."

"என்னத்தக்கா பேச?"

"எங்கிட்டப் பேசுறதத்தான்."

தெருவே ரயிலடிக்குப் போய் வழியனுப்பியது. பத்மாசினி புளியோதரை கட்டிக் கொடுத்தாள். வண்டி நகர்ந்தபோது ரூபினா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கத்தினாள், "வெள்ளையப் பாத்துக்க!"

பத்மாசினி சொன்னபடியே எல்லாம் செய்தாள். அந்த வருஷம் ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு. லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் காலம். அப்படியும் குளிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றினாள். அன்றைய பருப்பு வேகாத கதையெல்லாம் சொல்லிக்கொண்டுதான் ஊற்றினாள்.

முதலில் ஒரு சிவப்பு இலை பழுத்துச் சாய்ந்தது. வயதான இலை என்று நினைத்து எடுத்துப் போட்டாள். மறுநாள் இன்னும் இரண்டு சாய்ந்தன. பிறகு தினமும் சாய்ந்தன. காம்பு துவண்டு, இலை தாளாக மெலிந்து, தொட்டியின் விளிம்பில் தலை வைத்துப் படுத்துக்கொண்டன. தண்ணீர் பற்றவில்லையோ என்று கூடுதலாக ஊற்றினாள். இன்னும் வேகமாகச் சாய்ந்தன. தண்ணீரை நிறுத்திப் பார்த்தாள். அதற்கும் சாய்ந்தன. டீத்தூள் போட்டாள். சாணி கரைத்து ஊற்றினாள். கீரைக்கூடையோடு வரும் அழகம்மாள் முடுக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருச்சு தாயி. இம்புட்டு அழகா வச்சா படாதா?" என்று மிளகாய் சுற்றிப் போடச் சொன்னாள். பத்மாசினி அதையும் செய்தாள். மிளகாய் நெடியில் அவளுக்குத்தான் தும்மல் வந்தது.

கடைசியாக வெள்ளையும் மஞ்சளானது.

அந்த நேரம் பார்த்து மக்காவிலிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல். ரூபினாவின் குரல் சந்தோஷத்தில் கரகரத்தது.

"பத்மா! நல்லா இருக்கியா? இங்க அம்புட்டுக் கூட்டம், அம்புட்டு நிம்மதி. உனக்கும் தம்பிக்கும் சேத்து துவா செஞ்சிருக்கேன். செடி எப்படி இருக்கு?"

பத்மாசினி ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெறும் தொட்டிகள்.

"தளதளன்னு இருக்குக்கா" என்றாள்.

"உன் கையில குடுத்தனே, அதான் எனக்குக் கவலையே இல்ல."

போனை வைத்துவிட்டுப் பத்மாசினி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெங்கடேஷ்பாபு டிவியில் உலகக் கோப்பை மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிர மொழி. ஆனால் பத்மாசினிக்குக் கோபமோ அழுகையோ வந்தால் தமிழுக்கு மாறிவிடுவாள்.

"மக்காவுல நிக்கிறவகிட்டப் பொய் சொல்லிட்டேங்க."

தமிழைக் கேட்டதும் வெங்கடேஷ்பாபு டிவியை அணைத்தார். விஷயம் பெரிது என்று அவருக்குப் புரிந்தது.

மறுநாளே இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். அழகர்கோவில் ரோட்டு நர்சரியில் பந்தல் இருந்தது, கலர் சேம்பு இல்லை. "இப்ப வராதுங்க. மழை பெஞ்ச பெறகு வாங்க" என்றார்கள். மாசி மாதத்தில் மழைக்கு எங்கே போவது? வண்டியூர்ப் பக்கம் விசாரித்தார்கள். திருப்பரங்குன்றம் வரைக்கும் போனார்கள். எங்கும் இல்லை. வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் இலையில் கோடோ புள்ளியோ இருந்த செடியாகப் பார்த்து வாங்கினாள் பத்மாசினி. மஞ்சள் தெளித்த பெரிய இலைச் செடி ஒன்று, வெள்ளைக் கோடு போட்ட புல் மாதிரி ஒன்று, மணி பிளான்ட், இன்னும் பெயர் தெரியாத சில. வெங்கடேஷ்பாபு இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு செடியை இடுக்கிக்கொண்டு வண்டி ஓட்டினார்.

"அக்கா வந்தா முடுக்கு மொட்டையா இருக்கக் கூடாது. பெறகு நானே சொல்லிக்கிறேன்" என்றாள் அவள்.

வெள்ளை இருந்த தொட்டியைத்தான் முதலில் கவிழ்த்தாள். மண் உதிர்ந்ததும் உள்ளிருந்து உருண்டையாகச் சில உருண்டு வந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். கிழங்கு. தோலில் முடிச்சு முடிச்சாக இருந்தது. பெருவிரலால் அமுக்கினாள். அமுங்கவில்லை. நகத்தால் கீறினாள். உள்ளே ஈரமாக, இளமஞ்சளாக இருந்தது.

செடி விஷயத்தில்தான் பத்மாசினி பூஜ்யம். கிழங்கு விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. மார்க்கெட்டில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பாள். அழுகின கிழங்கு எப்படி இருக்கும், முற்றின கிழங்கு எப்படி இருக்கும், கூடையில் கிடந்தபடியே முளைவிடப் போகிற கிழங்கு எப்படி இருக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். இது செத்த கிழங்கு இல்லை. இலையை மட்டும் உதிர்த்துவிட்டுப் பேசாமல் படுத்திருக்கிறது.

"ஏங்க! உசுரோட இருக்குங்க!"

தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். அவள் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றியதில் சில கிழங்குகள் கூழாகியிருந்தன, நாற்றமடித்தது. அதைப் பார்த்து வருத்தம்தான். ஆனால் பெரும்பாலானவை கல் மாதிரி இருந்தன. ஈரத்தில் வைத்தால் இவையும் போய்விடும் என்று தோன்றியது. மண்ணைத் துடைத்து, காற்றாட உலர்த்தி, செய்தித்தாளில் பொதிந்து, ஒரு மூங்கில் கூடையில் போட்டுச் சமையலறையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். வாங்கி வந்த செடிகளைத் தொட்டிகளில் நட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கியது. வெங்கடேஷ்பாபுவிடமும் சொல்லி வைத்தாள், கூடையைத் தொடக் கூடாதென்று. அவர் "ம்" என்றார். அப்போது மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வண்டியூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் பத்மாசினி தனியாகப் போனாள். அன்றைக்கும் மேட்ச். வெங்கடேஷ்பாபு கடையைக் கடைப்பையனிடம் விட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். ஆட்டத்துக்கு நடுவில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மனைவி களைத்து வருவாள், நாமே சமைத்து வைத்தால் என்ன? ரசம் வைத்தார். தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று தேடினார். கூடையில் சேப்பங்கிழங்கு இருந்தது. சேப்பங்கிழங்கு வறுவல் என்றால் அவருக்கு உயிர்.

பத்மாசினி திரும்பி வந்தபோது வாசல் திறந்து கிடந்தது. வெங்கடேஷ்பாபு புழக்கடைக் குழாயடியில் நின்று இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கை முழங்கை வரை சிவந்திருந்தது.

"என்ன கிழங்கு வாங்கி வச்சிருக்க நீ? இம்புட்டு அரிப்பு அரிக்குது!"

பத்மாசினி சமையலறைக்கு ஓடினாள். பலகையில் தோலோடு வட்டமும் துண்டுமாக வெட்டிய கிழங்குகள் குவிந்து கிடந்தன. முக்கால் கூடை காலி. கூடையின் மேலாகத் தனிப் பொதியாக வைத்திருந்த வெள்ளைக் கிழங்குகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிப்பு எடுத்ததால் மட்டும்தான் அவர் துண்டுகளை இன்னும் உள்ளே போடவில்லை.

பத்மாசினி அழுதாள். பிறகு அவர் சமையலறை வாசலில் நின்று முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்தாள். கையால் எங்கெங்கே தொட்டாரோ அங்கெல்லாம் அரிப்பு பரவிவிட்டது. அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியவில்லை. நல்லெண்ணெயும் புளித்தண்ணியும் கொண்டுவந்து தடவிவிட்டாள்.

மறுநாள் காலை அழகம்மாளிடம் சொல்லிப் புலம்பியபோது அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள், "அதுக்கு எதுக்குத் தாயி அழுவுற? எங்க ஊருல கருணைக்கிழங்க வெட்டித்தான நடுவாக. சாம்பல்ல பெரட்டி வையி. முளைச்சா முளைக்கட்டும், போனாப் போகட்டும்."

மிளகாய் சுற்றச் சொன்னவள்தானே என்று பத்மாசினிக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வேறு வழியில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் மொக்கையனிடம் கரிச் சாம்பல் வாங்கி வந்தாள். அதோடு மஞ்சள்தூளையும் கலந்தாள். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் புரட்டினாள். நடுவதற்குத் தொட்டி பற்றவில்லை. எண்ணெய் டின், உடைந்த வாளி, பெயின்ட் டப்பா, விரிசல் விட்ட தயிர்ச்சட்டி, கைப்பிடி போன குக்கர் என்று அகப்பட்டதிலெல்லாம் மணல் கலந்த மண் போட்டுத் துண்டுகளைப் புதைத்தாள். முழுக் கிழங்குகளையும் கூடவே நட்டாள். முடுக்கின் இந்தப் பக்கச் சுவரோரம், அவள் ஜன்னலுக்குக் கீழே, டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்தன. தண்ணீரைக் கையால் தெளித்ததோடு நிறுத்திக்கொண்டாள்.

ரூபினாவும் ஜமீலும் திரும்பி வந்தார்கள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் எல்லாருக்கும் கொடுத்தார்கள். பத்மாசினியும் வெங்கடேஷ்பாபுவும் ஓரமாக நின்றார்கள். ரூபினா வந்து பத்மாசினியைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷம், "வா, செடியப் பாத்துட்டு வருவோம்" என்று கையைப் பிடித்து முடுக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

போனவள் நின்றாள்.

"இது யாரு செடி?"

"நான் வாங்கி வச்சதுக்கா."

"என் செடி எங்க?"

"கிழங்கா இருக்குக்கா."

"என்னது?"

"இலையெல்லாம் உதுந்து போச்சு. போன்ல தளதளன்னு சொன்னேன்ல, அது பொய்யி. நீங்க எங்க நின்னு கேட்டீக, எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஆனா கிழங்கு உசுரோடதான் இருக்கு. கொஞ்சம் முழுசா இருக்கு. கொஞ்சத்த அவரு வெட்டிட்டாரு."

"வெட்டிட்டாரா? எதுக்கு?"

பத்மாசினியின் குரல் இறங்கிவிட்டது. "வறுக்கிறதுக்கு."

பின்னாலேயே வந்திருந்த சொந்தக்காரர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். ஜமீல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வெங்கடேஷ்பாபு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ரூபினா மட்டும் சிரிக்கவில்லை. டப்பா வரிசையைப் பார்த்தாள். தயிர்ச்சட்டியைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஜன்னல் வழியாக ரூபினா ஜமீலிடம் பேசுவது பத்மாசினிக்குக் கேட்டது.

"ஹஜ்ஜு முடிச்சிட்டு வந்த ஒடனே கோபப்படக் கூடாதுன்னு எம்புட்டு அடக்கிக்கிட்டு இருக்கேன் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுது, தெரியுது. பல்லக் கடிக்கிற சத்தம் கடை வரைக்கும் கேக்குது" என்றார் ஜமீல்.

ரூபினா சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. பத்மாசினி டிபன் செய்து கொடுத்தால் வாங்கிக்கொண்டு, "வச்சிட்டுப் போ" என்பாள். அது சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது. பங்குனி வெயில் ஏறியது. முடுக்கில் மட்டும் குளுமை. வாங்கி வைத்த கோடு போட்ட செடிகள் செழித்தன. ரூபினா அவற்றுக்கும் தண்ணீர் ஊற்றினாள், ஈரத்துணியால் துடைத்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி, பட்டினி போட முடியுமா? டப்பாக்கள் பக்கம் மட்டும் போக மாட்டாள். பத்மாசினி தினமும் தெளித்துவிட்டு, மண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே வந்துவிடுவாள்.

சித்திரைத் திருவிழா வந்து தெருவெல்லாம் ஜனமாக நிரம்பி, அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பியும் போய்விட்டார். அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம் இடியோடு கோடை மழை கொட்டியது. மூன்றாவது நாள் காலை பத்மாசினி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பத்மா! ஏய் பத்மா! இங்க வாடி!"

இட்லிக் கரண்டியோடு ஓடினாள். ரூபினா பெயின்ட் டப்பாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மண்ணிலிருந்து ரோஸ் நிறத்தில் ஊசி மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்து டின்னிலும் ஒன்று. குக்கரில் இரண்டு.

"இதென்ன, வெட்டுன துண்டா?"

"ஆமாக்கா."

"ஒரு துண்டுக்கு ஒண்ணா வருது?"

"அப்படித்தான் தெரியுது."

ரூபினா கணக்குப் போட ஆரம்பித்து, டப்பாக்களைப் பார்த்துவிட்டு, பாதியில் விட்டுவிட்டாள். பத்மாசினியின் கையைப் பிடித்து எழுந்தாள். பிடித்த கையை விடவில்லை. உள்ளே இட்லிச் சட்டியில் தண்ணீர் வற்றித் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் இரண்டு பேரும் அசைந்தார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு விசேஷம்தான். ஊசி சுருளாகும், சுருள் விரியும். சிவப்புகள் சிவப்பாகவே வந்தன. சுங்குடிப் புள்ளி போட்டதும் வந்தது. ஆனால் வெள்ளைக் கிழங்குத் துண்டுகள் எல்லாம் வெறும் பச்சையாக விரிந்தன. தயிர்ச்சட்டி, வாளி, எண்ணெய் டின் எல்லாவற்றிலும் சாதாரணச் சேம்பு இலை மாதிரிப் பச்சை.

"வெள்ளை போயிருச்சுடி. வெட்டுனதுல கோவிச்சுக்கிருச்சு" என்றாள் ரூபினா. இந்த முறை குரலில் கோபமில்லை, துக்கம்தான் இருந்தது.

வெங்கடேஷ்பாபுவுக்கு அது உறுத்தியது. காலையில் கடைக்குப் போகும் முன் முடுக்குக்கு வந்து, கையால் தொடாமல், கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி ஒவ்வொரு டப்பாவாகப் பார்ப்பார். அப்படி ஒருநாள் பார்த்தவர்தான் முதலில் கண்டுபிடித்தார். தயிர்ச்சட்டியில் இரண்டாவது இலை விரிந்திருந்தது. நடுநரம்பை ஒட்டிப் பால் சிந்தினாற்போல் கொஞ்சம் வெள்ளை.

"அக்கா! ரூபினா அக்கா! வெள்ளை விழுது!"

வேட்டியை மடித்துக் கட்டிய கோலத்தில் அவர் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டு மாடியிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது இலையில் பாதி வெள்ளை. நான்காவது முழு வெள்ளை, அதில் பச்சை நரம்பு, பழையபடியே. ஒரு தொட்டி வெள்ளை இருந்த இடத்தில் இப்போது சுவர் நீளத்துக்கும் வெள்ளை.

அன்று ரூபினா நெய்ச்சோறு பொங்கினாள். பத்மாசினி வீட்டில் சைவம் என்பதால் தனிப் பாத்திரத்தில் காய்கறிக் குருமா வைத்தாள். நாலு பேரும் முடுக்கில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாய் விரிந்ததே பாதிதான், ஒருவர் பின் ஒருவராக ரயிலில் உட்கார்ந்தாற்போல் உட்கார வேண்டியிருந்தது. குருமாவை முன்னாலிருந்து பின்னால் கை மாற்றிக் கொடுத்தார்கள்.

"நான் மட்டும் வெட்டலைன்னா இம்புட்டு வந்திருக்குமா?" என்றார் வெங்கடேஷ்பாபு, இரண்டாம் முறை சோறு வாங்கியபடி.

"பேசாமச் சாப்பிடுங்க" என்றாள் பத்மாசினி.

"இல்ல பத்மா, தம்பி சொல்றதும் சரிதான்" என்றாள் ரூபினா. "வர்ற தையிலயும் தம்பியவே வெட்டச் சொல்லுவோம்."

"மேட்ச் இருக்கான்னு பாத்துக்கிட்டு வெட்டச் சொல்லு" என்றார் ஜமீல்.

மழைக்காலம் வருவதற்குள் முடுக்கில் நடக்க இடமில்லாமல் போயிற்று. உள்ளே போனால் இலைகள் இரண்டு பக்கமும் முழங்காலில் உரசின. தண்ணீர் ஊற்றுவது ரூபினா, நத்தை பொறுக்குவது பத்மாசினி என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். நத்தையைத் தொட முதலில் கூசியவள், இப்போது டார்ச் வாங்கி வைத்துக்கொண்டு தேடினாள். ஜமீலின் கடிகாரக் கடையில் ஒரு சிவப்பும், சுங்குடிக் கடை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் போய் உட்கார்ந்தன. சேலை எடுக்க வந்தவர்களில் பாதிப்பேர் இலையைத்தான் விலை கேட்டார்கள்.

விற்பதில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம். கடைசியில் அதுவும் தானாகவே தீர்ந்தது. கோரிப்பாளையத்துச் சந்துகளில் வெயில் எட்டிப் பார்க்காத வீடுகள் எத்தனையோ. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். அங்கெல்லாம் இருக்கும் பெண்கள் ஒவ்வொருவராக முடுக்கைப் பார்க்க வந்தார்கள். அப்படி வந்தவர்களில் பின்தெருவிலிருந்து வந்த ஜெயினம்பு ஒருத்தி. வெள்ளை இலையின் ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவும் தயக்கம், போகவும் மனமில்லை.

"எனக்கும் செடின்னா ஆசைதான். ஆனா எங்க வீட்டுல வெயிலே வராதுக்கா. பட்டப்பகல்ல லைட்டப் போட்டுத்தான் சமைக்கிறேன்."

பத்மாசினி தயிர்ச்சட்டியைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள்.

"வெயில் வராத வீட்டுக்குத்தான் நாங்க குடுக்குறதே. இந்தா, பிடி. தையில இலையெல்லாம் உதுந்து போயிரும், அழாத. தண்ணிய நிறுத்திட்டுப் பேசாம விட்டுரு."

ஜெயினம்பு சட்டியை அணைத்துக்கொண்டு முடுக்கிலிருந்து பக்கவாட்டில் நடந்து வெளியேறினாள். ரூபினா அடுத்த செடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.